நீலம் வராத தண்ணீர்

தண்ணீரில் நீலம் வரவில்லை.

நிரோஷினி கண்ணாடிக் குவளையை மறுபடியும் யன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். பெப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமைக் காலை. வெளியே கார்த் தரிப்பிடத்தில் குவித்து விட்டிருந்த பனியில் பட்டுத் தெறித்த வெயில் கண்ணைக் கூச வைத்தது. இதைவிட நல்ல வெளிச்சம் எந்த ஆய்வுகூடத்திலும் கிடைக்காது. இருந்தும் குவளைக்குள் இருந்தது வெறும் தண்ணீர்தான்.

வெள்ளிக்கிழமை மாலை இதே மரத்தட்டின் தூளைச் சுரண்டிப் போட்டபோது, கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர், பால் விடாத சாயத்தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் மயில்கழுத்து நீலம். வேங்கை மரத்தின் குணம் அது. அந்தப் பரிசோதனையைத் தன் அறையில் தனியாக இருந்து செய்துவிட்டு, தட்டை ஒரு பழைய சாறத்தால் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டியவளும் அவள்தான்.

அவள் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். மேல்பூச்சு உரிந்து உள்ளே வெளிறிய மரம் தெரிந்தது.

"ஐயோ! மாத்திப்போட்டாங்கள்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

மல்வேர்னில் ஒரு சிறிய பிளாசாவின் மாடியில் இருக்கிறது 'வனவேர்' அலுவலகம். கிழக்கிலங்கையில் கிராமத்தவர்களே பராமரிக்கும் காடுகளுக்கு ரொறன்ரோவிலிருந்து உதவும் அமைப்பு. நிரோஷினி அதன் காட்டுச் சூழலியலாளர். ஆனால் அன்றைக்கு அவள் பதறியது சூழலியலுக்காக அல்ல. அவளுடைய அண்ணன் மகேஸ்வரனுக்காக.

மகேஸ்வரன் பனிச்சைக்குளம் கிராமத்து வனச்சங்கத்தின் செயலாளர். அந்தக் காட்டுக்கு ஊரார் வைத்த ஒழுங்கு ஒன்று உண்டு. தேன் எடுக்கலாம், விறகு பொறுக்கலாம், முற்றிய மரத்தை முறைவைத்துத் தறிக்கலாம். விதை கொட்டும் தாய்மரத்தில் மட்டும் கத்தி படக்கூடாது. தாய்மரம் போனால் அடுத்த தலைமுறைக் கன்று எங்கிருந்து வரும்? அப்படிக் காத்த மரங்களில் மிகப் பெரிய வேங்கையை மார்கழி மழைக்குள் யாரோ வெட்டிக் கொண்டுபோனார்கள். பக்கத்துக் காட்டில் மரம் தறிக்க அனுமதி பெற்றிருந்த ஒரு கம்பனி, வெட்டியது மகேஸ்வரன்தான் என்று முறைப்பாடு கொடுத்தது. மனிதர் தைப்பொங்கலை மறியலில், கம்பிகளுக்குப் பின்னால் கழித்தார். காத்தவன் தலையிலேயே பழி.

பிறகுதான் அந்த மரத்தின் கட்டை ரொறன்ரோவிலேயே அகப்பட்டது. நிரோஷினியின் ஆய்வு மாணவன் சுலக்சன் பகுதிநேரமாக வேலை செய்யும் மர யார்டுக்கு, தோட்டத்து மரம் என்ற பெயரில் ஒரு கொண்டெய்னர் வந்திருந்தது. அதில் ஒரு கட்டையின் அடிமுகத்தில் கறுத்த நெருப்பு வடு, அருகே ஒரு பொந்து, மேலே அந்தக் கம்பனியின் சுத்தியல் முத்திரை. வெட்டியபின் ஊரில் எஞ்சி நிற்கும் அடிமரத்தின் படத்தைப் பலமுறை பார்த்தவன் ஆதலால் அவனுக்குப் பொறி தட்டியது. முதலாளியிடம் கேட்டு அடிமுகத்தைத் தட்டாக அறுத்து எடுத்து வந்தான். மிச்சக் கட்டை அன்றே பலகையாகிவிட்டது. உலகத்தில் மகேஸ்வரனை வெளியே கொண்டுவரக்கூடிய சாட்சி அந்த ஒரு தட்டுத்தான்.

நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட மர நிபுணர் இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அதைப் பார்க்க வருகிறார். அவர் அறிக்கை இன்றே போகவேண்டும். விடிந்தால் வழக்கு. வழக்கறிஞர் மன்றாடிப் பெற்ற தவணை அது.

நிபுணர் முன்னால் இந்தப் போலியைத் தூக்கிவைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தங்கச்சிக்காரி பொய்ச்சாட்சி செய்து அண்ணனைக் காப்பாற்றப் பார்த்தாள் என்று எழுதி, இரண்டு பேர் கதையையும் முடித்திருப்பார்கள். மாற்றியவன் திருடவில்லை, குழி வெட்டியிருந்தான்.

பத்து மணிக்குத் துப்பறியும் அதிகாரி செலீன் இக்னேசியஸ் படியேறி வந்தாள். மன்னார்ப் பெற்றோருக்கு ஸ்காபரோவில் பிறந்தவள். நாற்பது வயது. பொறுமை குறைவு, அதைவிடக் குறைவு புன்னகை. பூட்சை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து அலுமாரிக்கு முன்னால் குந்தினாள்.

"பூட்டு உடைபடேல்லை. திறப்பு ஆரிட்டை?"

"மூண்டு பேரிட்டை. என்னட்டை ஒண்டு, இராஜேஸ்வரி அன்ரியிட்டை ஒண்டு, ஜெனாட் அங்கிளிட்டை ஒண்டு" என்றாள் நிரோஷினி.

இராஜேஸ்வரி அலுவலகத்தை நடத்துபவர். ஜெனாட் அமைப்பின் தலைவர். அறுபதைத் தாண்டிய, கூட்டங்களில் முதல் வரிசைக்கென்றே பிறந்த மனிதர். இருவரும் அங்கேதான் நின்றார்கள். சுலக்சன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"நேற்று ஞாயிறு ஆர் வந்தது?"

"நானும் தலைவரும்" என்றார் இராஜேஸ்வரி. "கலைவிழா வேலை. நான் மத்தியானம் போயிட்டன். அவர் பிறகும் நிண்டவர்."

"பிறகு எண்டால் பத்து நிமிசம்" என்று ஜெனாட் இடைமறித்தார். "பிள்ளை, நான் ஒண்டு சொல்லட்டே? உந்தப் பெடியன் வேலை செய்யிற யார்டுக்குத்தானே நட்டம்? தட்டு அங்கை திரும்பிப் போயிருக்கும். வடிவா விசாரியுங்கோ."

சுலக்சனின் முகம் சிவந்தது. "வாட்? நான்தானே அதைக் கண்டுபிடிச்சதே! நானே கொண்டு வந்து நானே ஸ்டீல் பண்ணுவனோ?"

"வெள்ளிக்கிழமை நிரோஷினியின்ரை திறப்பு மேசையிலைதானே கிடந்தது? நீதானே கடைசியாப் போனது?"

"ஓம், ஆனால்..."

"ஆனால் என்ன ஆனால்?" ஜெனாட் குரலை உயர்த்தினார்.

"அங்கிள், கேள்வி கேக்கிறது என்ரை வேலை" என்றாள் செலீன்.

ஜெனாட் உடனே தொனியை மாற்றினார். "நீங்கள் மன்னாரோ பிள்ளை? ஆரின்ரை மகள்? நாங்களும் வேதக்காரர்தான், மாதாவைக் கும்பிடுற ஆக்கள்."

"இப்ப அது தேவையில்லை."

அவர் கையைப் பிசைந்தார். "கோவியாதேங்கோ. எனக்கு மனம் சரியில்லை. மனுசிக்குச் சீனி வருத்தம், பதினைஞ்சிலை நிக்குது. கால் புண் மாறுதில்லை. பின்னேரம் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

செலீன் தலையை ஆட்டிவிட்டுப் போலித் தட்டைக் கையில் எடுத்தாள். மேப்பிள் மரம். கறுத்த வடுவைச் சூட்டுக்கோலால் எரித்திருந்தார்கள். வடுவுக்கு வலப்பக்கம் பொந்து. முத்திரையும் மங்கலாகத் தெரிந்தது. சுவரில் பனிச்சைக்குளத்து அடிமரத்தின் பெரிய படம் தொங்கியது. அதிலும் வடு, வலப்பக்கம் பொந்து. அச்சொட்டாக அதே.

அவள் படத்தையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சுலக்சனின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீர் யார்டிலை இருந்து தூக்கிக்கொண்டு வந்த தட்டை இந்தப் பேப்பரிலை கீறும். படத்தைப் பாக்காமல். முத்திரை அடிச்ச பழைய முகத்தை மட்டும்."

அவன் கீறினான். வடு. பொந்து. பொந்து வடுவுக்கு இடப்பக்கம் இருந்தது.

"பிழையாக் கீறிட்டான்!" என்றார் இராஜேஸ்வரி.

"இல்லை அன்ரி. சரியாத்தான் கீறியிருக்கிறான்" என்றாள் நிரோஷினி.  "ஐயோ, இது எனக்கு எப்பிடித் தெரியாமல் போச்சு!"

"பேக்கரிப் பாணை நடுவாலை வெட்டுங்கோ" என்றாள் செலீன். "ரெண்டு துண்டையும் விரிச்சு வையுங்கோ. ஒரு துண்டிலை ஓட்டை வலப்பக்கம் எண்டால் மற்றதிலை இடப்பக்கம்தான் இருக்கும். மரமும் அப்பிடித்தான். அடிமரத்து முகமும் கட்டையின் முகமும் ஒண்டையொண்டு பாக்கிற முகங்கள். போலி செய்தவர் அடிமரத்துப் படத்தை அப்பிடியே கொப்பி அடிச்சிருக்கிறார். உண்மையான தட்டைக் கண்ட ஆள் உந்தப் பிழையை விட்டிருக்கமாட்டார்."

 உண்மைத் தட்டைச் சாறத்தில் சுற்றுமுன் கண்டவர்கள் இரண்டே பேர், நிரோஷினியும் சுலக்சனும். அவர்கள் இருவரையும் விட்டால், மிஞ்சுவது திறப்பு வைத்திருந்த மற்ற இருவர்.

ஜெனாட் மணிக்கூட்டைப் பார்த்தார். "எனக்கு நேரமாகுது. என்ரை வீட்டையும் வந்து பாருங்கோ பிள்ளை, மடியிலை கனம் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இராஜேஸ்வரியோ அழுகையை அடக்கியபடி, "முதல் என்ரை வீட்டைப் பாருங்கோ, இண்டைக்கே பாருங்கோ" என்று செலீனின் கையைப் பிடித்தார்.

இராஜேஸ்வரியின் வீடு அலுவலகத்துக்குக் கிட்ட, வரிசை வீடுகளில் ஒன்று. செலீன் நிலவறை முதல் மேல்மாடி வரை பார்த்தாள். நிரோஷினியும் கூட வந்திருந்தாள். உண்மைத் தட்டைக் கண்டால் அடையாளம் சொல்ல அவள் வேண்டும். சாமிப்படங்கள், கலைவிழாச் சேலைகள், குளிர்சாதனப் பெட்டியில் இடியப்பம். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரக் குவளை.

"உது என்ன?"

"வேங்கைக் குவளை. சீனிக்கு. இரவு தண்ணி விட்டு வைச்சுக் காலமை குடிக்கிறது" என்றார் இராஜேஸ்வரி. "கடையிலை வாங்கி மூண்டு வருசம். இப்ப சாயம் இறங்குறதில்லை. சும்மா மனத் திருப்திக்கு வைச்சிருக்கிறன்."

செலீன் அதிலிருந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி யன்னலில் பிடித்தாள். வெறும் தண்ணீர். நீலத்தின் நிழலும் இல்லை.

பதினொன்றரை ஆகிவிட்டது. றிச்மண்ட் ஹில்லுக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலை ஊர்ந்தது.  நிரோஷினி கைபேசியில் அண்ணி அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்: 'பிள்ளை, நாளைக்கு வந்திடுவாரோ? சின்னவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.' 

ஜெனாட்டின் வீடு பெரியது. மனிதர் வாசலில் நின்று வரவேற்றார். "எங்கை வேணுமெண்டாலும் பாருங்கோ."

செலீன் பார்த்தாள். கராஜில் பனி அள்ளும் இயந்திரம், உப்புச் சாக்கு. நிலவறையில் தோரணச் சாமான். கராஜின் மூலையில் துப்பரவாகக் கூட்டிய தரை. வேறு ஒன்றும் இல்லை. சுவரில் மகளின் கல்யாணப் படம்.

"மருமகன் என்ன செய்யிறார்?"

"றொய்சனோ? பிஸ்னஸ்."

"என்ன பிஸ்னஸ்?"

"இறக்குமதி. மேசை கதிரைத் தளபாடம், கிளபாடம்."

ஒரு மணி. நிரோஷினி வாசலறைக் கதிரையில் இருந்து கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எல்லாம் போய்விட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஜெனாட்டின் மனைவி மக்டலீன் ஒரு காலை மெல்ல ஊன்றிக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "குளிருக்குள்ளை வந்திருக்கிறியள். தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அன்ரி" என்று சொல்ல வாயெடுத்த செலீன் நிறுத்திக்கொண்டாள். மக்டலீனின் தோளுக்கு மேலாகக் குசினி யன்னல் தெரிந்தது. யன்னல் தட்டில் ஒரு கண்ணாடிச் சாடி. பின்முற்றத்துப் பனியிலிருந்து தெறித்த வெயில் அதற்குள் இறங்கியிருந்தது. உள்ளே சாயத்தேத்தண்ணி நிறம். விளிம்பைச் சுற்றி நீலம்.

நிரோஷினியும் கண்டுவிட்டாள். எழும்பியவளைச் செலீன் கையால் மறித்தாள்.

"அன்ரி, உது என்ன தண்ணி?"

"வேங்கைத் தண்ணி, பிள்ளை. சீனிக்கு. டொக்டர் தந்த குளிசையும் போடுறன், உதுவும் குடிக்கிறன்." மக்டலீனின் முகம் மலர்ந்தது. "இவர் நேற்றுத்தான் கொண்டந்தவர். அசல் மரம். பாருங்கோ, எவ்வளவு சாயம் இறங்கியிருக்குது. உந்தக் கடைக் குவளையள் ஒண்டுக்கும் உதவாது."

"கடையிலைதான் வாங்கினது" என்றார் ஜெனாட், அவசரமாக. "ஸ்காபரோவிலை."

"எந்தக் கடை?"

"பேர்... பேர் ஞாபகம் இல்லை."

"துண்டாவோ தூளாவோ?"

"துண்டா."

செலீன் ஒரு கரண்டியால் சாடிக்குள் இருந்த துண்டு ஒன்றை எடுத்துத் துணியில் வைத்தாள். சிவந்த மரம். ஒரு பக்கம் முழுக்கக் கரி. விரலால் தேய்த்தாள். கறுப்புப் போகவில்லை.

"கடையிலை விக்கிற வேங்கையிலை காட்டுத்தீயின்ரை வடு இருக்குமோ அங்கிள்?"

ஜெனாட் துணியில் கிடந்த துண்டை விட்டு யன்னலைப் பார்த்தார்.

"நான் சொல்லட்டே?" என்றாள் செலீன். "இறக்குமதி எண்டு நீங்களே சொன்னீங்கள், அந்தக் கொண்டெய்னர் உங்கடை மருமகன் றொய்சன்ரை. அது தெரிஞ்ச நேரம் தொடக்கம் உங்களுக்கு நித்திரை இல்லை. சனிக்கிழமை கராஜிலை வைச்சு மேப்பிளை வெட்டி, படத்தைப் பாத்துப் போலி செய்தீங்கள். ஞாயிற்றுக்கிழமை இராஜேஸ்வரி அன்ரி போன பிறகு மாத்தினீங்கள். போலியை இன்னொரு சாறத்திலை சுத்தி வைச்சிட்டு, அசலைச் சாறத்தோடை தூக்கிக்கொண்டு வந்ததாலை, வடுவும் பொந்தும் இடம் வலம் மாறிக் கிடக்கிறது உங்களுக்குத் தெரியேல்லை. ஆனால் அது வேங்கை எண்டு தெரியும். நிரோஷினி வெள்ளிக்கிழமையே மரத்தையும் முத்திரையையும் பற்றிக் கமிட்டிக்குச் சொல்லிப்போட்டா."

"பிறகு எரிச்சிருக்கலாம்" என்று செலீன் தொடர்ந்தாள். "வேறை எந்தக் கள்ளனும் எரிச்சிருப்பான். உங்களாலை ஏலேல்லை. வேங்கைத் தண்ணி சாயம் இறங்கும் எண்டு எங்கடை சனம் எல்லாருக்கும் தெரியும். வெயிலிலை நீலம் காட்டும் எண்டு தெரிஞ்சிருந்தால் உந்தச் சாடியை யன்னலிலை வைக்க விட்டிருக்கமாட்டீங்கள்."

ஜெனாட் கதிரையில் பொத்தென்று இருந்தார். கூட்டங்களில் முதல் வரிசையில் இருக்கும் முகம் ஒரே நாளில் கிழடு தட்டிவிட்டது.

"அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோனனான்" என்றார். "மனம் வரேல்லை. ராவு ராவா இவளின்ரை கால் நோகுது. இஞ்சை எங்கை பிள்ளை உப்பிடி மரம் கிடைக்கும்? றொய்சனை உள்ளை போட்டால் என்ரை மகள் என்ன செய்வாள்? நான் வேறை என்ன செய்யிறது?"

மக்டலீன் எல்லாவற்றையும் நின்ற நிலையில் கேட்டார். நிரோஷினியைப் பார்த்தார்.

"நீர் ஆர் பிள்ளை?"

"அந்த மரத்துக்காக மறியலிலை இருக்கிறவரின்ரை தங்கச்சி."

 மக்டலீன் கணவனின் பக்கம் திரும்பினார். "இஞ்சாருங்கோ. ஒருத்தன்ரை விடுதலையைக் கரைச்சோ எனக்குத் தண்ணியாத் தந்தனீங்கள்? மிச்சம் எங்கை?"

ஜெனாட் முகத்தைக் கைகளால் மூடினார்.

"மிச்சம் எங்கை எண்டு கேக்கிறன்!"

"பின்பக்கத்துப் பலகை டெக்குக்குக் கீழை. பனிக்குள்ளை."

நிரோஷினி பூட்சையும் போடாமல் ஓடினாள். முழங்கால் வரை புதைந்த பனியை வெறுங்கையால் தோண்டினாள். கறுத்த பொலித்தீனுக்குள் தட்டு இருந்தது. வடுவுக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குச் செதுக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் அவள் பனிக்குள்ளேயே இருந்து அழத் தொடங்கினாள். பொந்தும் முத்திரையும் தப்பியிருந்தன. ஆனால் வடுவின் பாதி இல்லை. பாதி வடுவை வைத்து எந்த நிபுணர் சத்தியம் செய்வார்?

அவள் உள்ளே வந்தபோது மக்டலீன் சாடியை வடிகட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்து, நல்ல துவாயில் ஒற்றி, மேசையில் வரிசையாக அடுக்கினார். "நான் ஒண்டும் எறியேல்லை பிள்ளை. எல்லாம் கிடக்குது. நேற்றுத்தானே போட்டது. பொருத்திப் பாரும்."

செலீன் அனைத்தையும் படமெடுத்து உறையில் போட்டாள். ஜெனாட்டை அழைத்துப்போக இன்னொரு பொலிஸ் கார் வந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். மக்டலீன் பார்க்கவில்லை.

மல்வேர்னை அடைந்தபோது நிபுணர் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். இரண்டு மணி தாண்டி ஏழு நிமிடம். நடந்ததைச் செலீன் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுவிட்டு, கையுறை மாட்டி, துண்டுகளைத் தட்டின் வெட்டில் ஒவ்வொன்றாகப் பொருத்தினார்.  சுலக்சன் நகத்தைக் கடித்தான். இராஜேஸ்வரி வாய்க்குள் முருகா முருகா என்றார். கடைசித் துண்டு இறுக்கமாக உட்கார்ந்தது. வடு முழுமையானது. நிபுணர் அடிமரத்துப் படத்தைக் கணினியில் இடவலம் மாற்றித் தட்டின் படத்தின் மேல் வைத்தார். கோட்டுக்குக் கோடு ஒன்றியது.

"இதே மரம்தான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை நிரோஷினியின் கைபேசி அடித்தது. மகேஸ்வரன். பிணை கிடைத்துவிட்டது, வீட்டில் நிற்கிறார். பின்னால் சின்னவள் போடும் சத்தத்தில் அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. இருவரும் மாறிமாறி அழுதார்கள், சிரித்தார்கள். பிறகு அவள் நடந்ததை முழுக்கச் சொன்னாள். சாடியைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்கு மறுபடியும் கோபம் ஏறியது.

மகேஸ்வரன் சின்னவளை மெல்ல அப்பால் அனுப்பினார்.

"அந்தாளுக்கு வாயில்லையே?" என்றார் பிறகு. "காத்துக்கு விழுந்த வேங்கைக் கொப்பு எங்கடை கொட்டில் நிறையக் கிடக்குது. சீனிக்காரருக்குச் சும்மா குடுக்கிறதுதான் சங்கத்துச் சட்டம். தலைவரா இருந்த மனுசனுக்கு அதுகூடத் தெரியாதே? ஒருக்காக் கேட்டிருந்தால் முறைப்படி அனுப்பியிருப்பன்."

நிரோஷினி கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அந்த மனுசியின்ரை கால் எப்பிடி?" என்று கேட்டார் அவர்.

"எனக்கென்ன தெரியும்? ஏன் கேக்கிறியள்?"

"விலாசத்தை வாங்கி அனுப்பு."

"அண்ணை, உங்களுக்கு விசரோ? அவளின்ரை புருசன் உங்களை மறியலுக்குள்ளையே வைச்சிருக்கப் பாத்தவன்!"

"அவன் செய்ததுக்கு அவன் மறியலுக்குப் போவான். மனுசி துண்டெல்லாத்தையும் துடைச்சுத் தந்ததெல்லே?"

அவள் அழைப்பைத் துண்டித்துக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தேத்தண்ணி ஆறும் வரை அப்படியே இருந்தாள். ஆத்திரம் ஆறவில்லை. பிறகு கைபேசியை எடுத்துச் செலீனை அழைத்து, மக்டலீனின் விலாசத்தைக் கேட்டாள்.